எல்லைக் கோடும் எல்லையோர மக்களும்

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

2021 ஜூலை 26 அன்று அசாம் – மிசோரம் எல்லையில் லைலாப்பூர், வைரெங்தே ஆகிய ஊர்களுக்கு இடையே இரு மாநிலங்களின் போலீஸ் படைகள் மோதிக்கொண்டன. துப்பாக்கிச் சூட்டில் அசாம் போலீசார் ஆறு பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு நவம்பர் 22 அன்று அசாம் – மேகாலயா எல்லையில் முக்ரோ கிராமத்தில் மீண்டும் துப்பாக்கிச் சூடு நடந்தது. காசி இனக் கிராமவாசிகள் ஐவரும் அசாம் வனக் காவலர் ஒருவரும் பலியாயினர். அதற்கடுத்த மாதம் மகாராஷ்டிரத்திற்கும் கர்நாடகத்திற்கும் இடையே லாரிகள் மீது கல்வீச்சு நடந்தது. பேருந்துகளுக்குக் கறுப்பு மை பூசப்பட்டது. எல்லையைக் கடக்கும் போக்குவரத்து தடைப்பட்டது.

இவை எதுவும் அந்நிய நாட்டுடனான எல்லையில் நடந்தவை அல்ல. ஒரே அரசியல் சட்டத்தின் கீழ், ஒரே ஒன்றிய அரசின் கீழ் வாழும் மக்களுக்கு இடையே நடந்தவை. இத்தகராறுகளைத் தீர்ப்பதற்கு நடுவர்களோ ஆணையங்களோ நியமிக்கப்படவில்லை என்றும் சொல்வதற்கில்லை. ஓய்வுபெற்ற தலைமை நீதிபதிகளும் சட்ட நிபுணர்களும் வரிசையாக நியமிக்கப்பட்டார்கள், அறிக்கைகளும் அளித்தார்கள். அவற்றுள் மிகச் சில மட்டுமே நிலைத்தன. பெரும்பாலானவை அலமாரியில் தூங்குகின்றன. சில அறிக்கைகள் இருந்த புண்ணை மேலும் கிளறிவிட்டன. எது நிலைத்தது, எது சிதறியது, ஏன் என்பதே இங்கு ஆராய வேண்டிய கேள்வி.

1956 விட்டுச் சென்ற மிச்சம்

மொழிவழி மாநிலங்கள் ஆட்சியாளர்கள் விரும்பிக் கொடுத்த கொடை அல்ல. ஆந்திரத்திலும் கேரளத்திலும் மகாராஷ்டிரத்திலும் மக்கள் வீதியில் இறங்கிப் போராடிப் பெற்ற ஜனநாயக உரிமை அது. அப்போராட்டங்களில் கம்யூனிஸ்டுகள் முன்னணியில் நின்றார்கள். மக்கள் தம் தாய்மொழியிலேயே நிர்வாகத்தையும் நீதியையும் கல்வியையும் பெற்றால்தான் உழைப்பாளி அரசியலில் பங்கேற்க முடியும் என்பதே அதன் அடிப்படை.

1955 செப்டம்பரில் தன் அறிக்கையை அளித்த மாநில மறுசீரமைப்பு ஆணையம், பெரும்பாலும் மாவட்டத்தையே அலகாகக் கொண்டது. ஃபசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகிய மூவரும் நிர்வாக வசதிக்கு அளித்த இடத்தை எல்லையோரக் கிராமங்களின் விருப்பத்திற்கு அளிக்கவில்லை. ஒரு மாவட்டத்தை முழுதாக எடுத்து ஒரு மாநிலத்துடன் சேர்ப்பது கோப்புக்கு எளிது. ஆனால் மொழிகள் மாவட்ட எல்லையைப் பார்த்துப் பரவுவதில்லை. பழைய பம்பாய் மாகாணத்தின் பெலகாவி மாவட்டம் சந்த்கட் வட்டம் நீங்கலாக மைசூருக்குப் போயிற்று. மராத்தி பேசும் ஏராளமான கிராமங்கள் அதனுடன் போயின. கன்னடம் பேசும் ஊர்கள் பல சோலாப்பூர், சாங்லி பகுதிகளில் மராத்தி நிர்வாகத்தின் கீழ் நின்றன. 1956 நவம்பர் 1 ஒரு பெரும் வெற்றி நாள். அதே நாள் எல்லையோர மக்களில் ஒரு பகுதியினருக்குத் துயர நாளாகவும் அமைந்தது. இரண்டும் உண்மை.

நிலைத்த ஒரு தீர்ப்பு

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது சென்னை மாநிலத்திற்கும் அதற்கும் இடையே எல்லைத் தகராறு எழுந்தது. சித்தூர் மாவட்டத்தின் திருத்தணிப் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்தின் வடபகுதியிலும் இரு மொழி மக்களும் கலந்து வாழ்ந்தனர். இரு பக்கமும் கிளர்ச்சிகள் நடந்தன. பலர் சிறை சென்றனர்.

அங்கே கையாளப்பட்ட முறை கவனத்திற்குரியது. எந்தக் கோட்பாட்டின் அடிப்படையில் பிரிப்பது என்பதில் இரு மாநில அரசுகளும் முதலில் உடன்பட்டன. கிராமமே அலகு, நிலத்தொடர்ச்சி இருக்க வேண்டும், மொழிப் பெரும்பான்மை அளவுகோலாக இருக்கும். அதன் பின்னரே பட்டாஸ்கர் நடுவராகச் செயல்பட்டார். அவர் பம்பாய்ப் பகுதியைச் சேர்ந்தவர். தகராறில் இருந்த இரு மொழிகளில் எதற்கும் உரியவரல்லர். கோட்பாடு முன்பே முடிவாகிவிட்டதால், அதை ஒவ்வொரு கிராமத்திற்கும் பொருத்திப் பார்ப்பதே அவருடைய பணியாயிற்று. திருத்தணி வட்டாரம் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. சத்தியவேடு பகுதி ஆந்திரத்துடன் சேர்ந்தது. நாடாளுமன்றம் 1959இல் இதைச் சட்டமாக்கியது. 1960 ஏப்ரல் 1 முதல் புதிய எல்லை நடைமுறைக்கு வந்தது.

இத்தீர்ப்பு எல்லோரையும் மகிழ்விக்கவில்லை. சித்தூர் மாவட்டத்தில் தமிழ் மக்கள் எஞ்சினர். திருத்தணிப் பக்கம் தெலுங்கு மக்கள் எஞ்சினர். கேட்டது முழுதும் கிடைக்கவில்லை என்ற மனக்குறை இரு பக்கமும் இருந்தது. ஆயினும் 1960க்குப் பின் அந்த எல்லையில் இரு மாநிலப் போலீசும் ஒருவரை ஒருவர் நோக்கித் துப்பாக்கியை உயர்த்தியதில்லை. ஒரு கிராமம் இந்தப் பக்கம் போனதற்கும் அடுத்த கிராமம் அந்தப் பக்கம் போனதற்கும் ஒரே காரணத்தைச் சொல்ல முடிந்தது. தோற்றவருக்கும் அக்காரணம் புரிந்தது. நடுவர் தீர்ப்பு நிலைப்பதற்கு இதுவே அடித்தளம்.

சிதறிய ஒரு தீர்ப்பு

பெலகாவியின் கதை இதற்கு நேர் எதிரானது. 1957லேயே பம்பாய் அரசு, பட்டாஸ்கர் வழியில் கிராமத்தை அலகாகக் கொண்டு எல்லையைத் திருத்துமாறு ஒன்றிய அரசிடம் மனு அளித்தது. 814 கிராமங்களையும் பெலகாவி, கார்வார், நிப்பாணி ஆகிய நகரங்களையும் கோரியது. 1960இல் இரு மாநிலங்களும் சேர்ந்து அமைத்த நால்வர் குழு உடன்பாடு காண முடியாமல் கலைந்தது. முதியவரான சேனாபதி பாபட் உண்ணாவிரதம் இருந்த சூழலில், 1966 அக்டோபரில் ஒன்றிய அரசு முன்னாள் தலைமை நீதிபதி மெகர் சந்த் மகாஜனை ஒரு நபர் ஆணையமாக நியமித்தது.

அந்த நியமன ஆணையில் ஒரு பெரும் ஓட்டை இருந்தது. சம்பந்தப்பட்ட தரப்பினரைக் கேட்டுப் பரிந்துரை செய்யுமாறு மட்டுமே ஆணையம் பணிக்கப்பட்டது. எந்தக் கோட்பாட்டின்படி என்பது சொல்லப்படவில்லை. மகாராஷ்டிரம் பட்டாஸ்கர் வழியைக் கேட்டது. மைசூர் அரசோ 1956 எல்லையே இறுதியானது என்றது. விளையாட்டின் விதி என்ன என்பதிலேயே உடன்பாடு இல்லாதபோது நடுவரின் முடிவை யார் ஏற்பார்?

1967 ஆகஸ்டில் வந்த அறிக்கை, நிப்பாணி, கானாபூர் பகுதிகள் உட்பட 264 கிராமங்கள் மகாராஷ்டிரத்திற்கும், தெற்கு சோலாப்பூர், அக்கல்கோட் பகுதிகள் உட்பட 247 கிராமங்கள் மைசூருக்கும் செல்ல வேண்டும் என்றது. பெலகாவி நகரம் மைசூரிலேயே நீடிக்க வேண்டும் என்றது. ஆணையம் வேண்டும் என்று வற்புறுத்திய மகாராஷ்டிரமே, ஒரே சீரான கோட்பாடு பின்பற்றப்படவில்லை என்று கூறி அறிக்கையை நிராகரித்தது. மைசூர் அரசு அறிக்கையை அப்படியே நிறைவேற்றக் கோரியது. சந்திரகிரி ஆற்றுக்கு வடக்கே உள்ள காசர்கோடு பகுதியை மைசூருடன் இணைக்கவும் அதே அறிக்கை பரிந்துரைத்திருந்தது. கேரளம் அதை ஏற்கவில்லை. ஒன்றிய அரசு எதையும் செய்யாமல் கைகட்டி நின்றது. நாடாளுமன்றம் அந்த அறிக்கையைச் சட்டமாக்கவே இல்லை.

மகாஜன் தனிமனிதராகத் தவறினார் என்று பழி சுமத்திவிட்டு நகர்ந்துவிட முடியாது. ஒரு தகராறை ஒத்திப்போடுவதற்காக ஆணையம் அமைப்பது முதலாளித்துவ அரசுகளின் பழைய உத்தி. ஆணையம் அமைத்த அன்று உண்ணாவிரதம் முடிகிறது. தேர்தல் கடந்து போகிறது. அறிக்கை வரும் நாளில் வேறொரு சமாதானம் தேடிக்கொள்ளலாம். ஆனால் ஆறாத மனக்குறை சும்மா கிடப்பதில்லை. அதை அறுவடை செய்ய யாரேனும் வந்து சேர்கிறார்கள்.

மனக்குறையை அறுவடை செய்தவர்கள்

1969 பிப்ரவரியில் பம்பாய் நகரம் பற்றி எரிந்தது. எல்லைப் பிரச்சினையைக் கையில் எடுத்த சிவசேனையின் கிளர்ச்சி பெரும் வன்முறையாயிற்று. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்த இயக்கம் அதற்கு முன்பே தென்னிந்தியத் தொழிலாளர்களையும் சிறு வணிகர்களையும் எதிரிகளாகக் காட்டி வளர்ந்திருந்தது; தமிழர்களும் அதன் இலக்காயினர். பின்னர் அதன் தாக்குதல் செங்கொடிச் சங்கங்களின் மீது திரும்பியது. 1970 ஜூனில் பரேல் தொகுதியின் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் தோழர் கிருஷ்ணா தேசாய் படுகொலை செய்யப்பட்டார். அதையடுத்த இடைத்தேர்தலில் வென்றே சிவசேனை முதன்முதலாகச் சட்டமன்றத்தில் நுழைந்தது.

ஐக்கிய மகாராஷ்டிரப் போராட்டத்தில் எஸ்.ஏ. டாங்கேயும் எஸ்.எம். ஜோஷியும் ஒரே மேடையில் நின்று, பஞ்சாலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தையும் மொழிவழி மாநிலக் கோரிக்கையையும் இணைத்து நடத்தியது 1950களின் காட்சி. பத்தே ஆண்டுகளில் அதே நகரத்தில், அதே மொழி உணர்வு, தொழிலாளி வர்க்கத்தைப் பிளக்கும் கோடாரியாக மாற்றப்பட்டது. நியாயமான ஒரு ஜனநாயகக் கோரிக்கை தீர்க்கப்படாமல் விடப்பட்டால் அது யார் கைக்குப் போய்ச் சேரும் என்பதற்குப் பரேல் சாட்சி.

மறுபக்கம் கர்நாடகத்தில் என்ன நடந்தது? பெலகாவி மராத்தியர்களின் நெடுநாள் கோரிக்கைகளில் ஒன்று, அரசு அறிவிப்புகளும் ஆவணங்களும் தங்கள் மொழியிலும் கிடைக்க வேண்டும் என்பது. அதற்குக் கிடைத்த பதில் பல நேரங்களில் அதிகாரத்தின் காட்சிப்படுத்தலாகவே இருந்தது. பெலகாவியில் பெரும் சட்டமன்றக் கட்டடம் எழுப்பப்பட்டு 2012இல் திறக்கப்பட்டது. 2014இல் நகரத்தின் அலுவல் பெயர் மாற்றப்பட்டது. அங்குள்ள மராத்திக் குடும்பத்திற்குத் தன் மொழியில் ஒரு நிலப் பத்திரத்தைப் படிக்கும் வசதியை அந்தக் கட்டடம் தந்துவிடவில்லை.

நிப்பாணியும் ஜத்தும் சொல்வது

தகராறில் சிக்கிய நிப்பாணி, புகையிலைக்கும் பீடிக்கும் பெயர் பெற்ற ஊர். 1981இல் அங்குள்ள புகையிலை விவசாயிகள் நியாயமான விலை கேட்டு நெடுஞ்சாலையில் நாட்கணக்கில் அமர்ந்து போராடினார்கள். அப்போராட்டத்தைத் துப்பாக்கிச் சூட்டால் கலைத்தது அரசு, விவசாயிகள் உயிரிழந்தனர். புகையிலையை வாங்கும் வியாபாரி விலையைக் குறைக்கும்போது விற்பவரின் தாய்மொழியைக் கேட்பதில்லை. பீடி சுற்றும் பெண்ணுக்குக் கூலி கொடுக்கும் முதலாளி, எல்லைக் கோட்டின் எந்தப் பக்கம் கூலி மலிவோ அந்தப் பக்கம் வேலையைத் தள்ளுகிறார்.

ஜத் வட்டத்தின் கதை இன்னும் கூர்மையானது. மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் உள்ள இந்த வறண்ட வட்டத்தின் கிராமங்கள் பல, 2012 வாக்கில் கர்நாடகத்துடன் இணைய விரும்புவதாகத் தீர்மானம் போட்டன. 2022 நவம்பரில் கர்நாடக முதலமைச்சர் அத்தீர்மானங்களைக் காட்டி அக்கிராமங்கள் எங்களுக்கே என்றார். மகாராஷ்டிர அரசு பதறிப்போய், நெடுங்காலமாகக் கிடப்பில் இருந்த மைசால் நீரேற்றுப் பாசனத் திட்டத்தின் விரிவாக்கத்தை அவசரமாக அறிவித்தது. அக்கிராமங்கள் கேட்டது தண்ணீர். எல்லையைத் தாண்டுவோம் என்ற மிரட்டலுக்குப் பின்னரே தண்ணீருக்கான வாக்குறுதி வந்தது.

எனவே மக்களின் விருப்பம் என்ற சொல்லைக் கையாளும்போது அந்த விருப்பத்தின் வேரைத் தேட வேண்டும். ஓரிடத்தில் அது மொழி; வேறோரிடத்தில் தண்ணீர், பள்ளி, நிலப்பட்டா. கிராமத்தைக் கேட்காத நடுவருக்கு இந்த வேறுபாடு ஒருநாளும் தெரியப்போவதில்லை. அந்த நேரத்தில் பெங்களூருவிலும் மும்பையிலும் டெல்லியிலும் பாரதிய ஜனதா கட்சியே ஆட்சியில் இருந்தது அல்லது ஆட்சியில் பங்கு வகித்தது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். இரட்டை எஞ்சின் ஆட்சி எல்லாவற்றையும் தீர்க்கும் என்ற பிரச்சாரத்திற்கு, எல்லையில் உடைந்த லாரிக் கண்ணாடிகளே விடை கூறின.

ஒரு கிராமத்தின் தலையில் இரு மாநிலங்கள்

கோட்பாட்டை முன்கூட்டியே வகுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? பஞ்சாப் அனுபவம் இல்லை என்கிறது. 1985 ஜூலையில் கையெழுத்தான ராஜீவ் – லோங்கோவால் உடன்பாடு, சண்டிகரைப் பஞ்சாபுக்கு அளித்து, பதிலாகப் பஞ்சாபின் இந்தி பேசும் பகுதிகளை அரியானாவுக்கு அளிக்க வேண்டும் என்றது. கிராமமே அலகு, நிலத்தொடர்ச்சியும் மொழி உறவுமே அடிப்படை என்று அது தெளிவாகவே கூறியது. நீதிபதி மேத்யூ ஆணையம் அமைக்கப்பட்டது.

அபோகர், ஃபாசில்கா பகுதிகளின் இந்தி பேசும் கிராமங்களுக்கும் அரியானாவுக்கும் நடுவே கந்துகேடா என்ற ஒரே ஒரு கிராமம் நின்றது. அது இந்தி பேசும் கிராமமானால் நிலத்தொடர்ச்சி உண்டு; பஞ்சாபி பேசும் கிராமமானால் இல்லை. அச்சிற்றூரின் மொழியைக் கண்டறியத் தனிக் கணக்கெடுப்பு நடந்தது. இரு மாநிலங்களின் கவனமும் அழுத்தமும் அந்த மக்களின் தலையில் இறங்கின. முடிவில் அது பஞ்சாபி பேசும் கிராமம் என்று ஆணையம் கண்டது, நிலத்தொடர்ச்சி அறுந்தது, கிராமங்களின் மாற்றம் நின்றது. 1986 குடியரசு நாளில் நடக்கவிருந்த சண்டிகர் கைமாற்றமும் நின்றது. அடுத்தடுத்து வந்த ஆணையங்களாலும் அம்முடிச்சு அவிழவில்லை.

இங்கே கோட்பாட்டில் குறையில்லை. ஒரு தலைநகரத்திற்குப் பண்டமாற்றாக அக்கிராமங்களை வைத்ததே குறை. நூற்றுக்கணக்கான கோப்புகளின் பாரத்தை ஒரு கிராமத்துக் குடும்பங்கள், தங்கள் தாய்மொழி எது என்று சொல்லும் ஒற்றைச் சொல்லில் சுமக்க வேண்டி வந்தது. மக்களின் விருப்பத்தைக் கேட்பதும், பேரத்தின் நடுவே மக்களை நிறுத்தி விருப்பம் கேட்பதும் வேறு வேறானவை.

வடகிழக்கு: காலனியக் கோடுகளின் சுமை

வடகிழக்கில் சிக்கல் மேலும் ஆழமானது. அங்கே பல எல்லைகளைக் கீறியவர்கள் பிரிட்டிஷ் தேயிலை முதலாளிகளின் நலன் காத்த அதிகாரிகள். 1873இல் வங்காளக் கிழக்கு எல்லை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1875இல் லுசாய் மலை அடிவாரத்தில் உட்கோடு அறிவிக்கப்பட்டது. மிசோரம் அதையே தன் எல்லை என்கிறது. 1933இல் வெளியான வேறொரு அறிவிப்பை அசாம் பற்றிக்கொள்கிறது. அந்த அறிவிப்பின்போது தங்கள் தலைவர்களை யாரும் கேட்கவில்லை என்பது மிசோ மக்களின் வாதம். இரண்டுமே காலனிய ஆட்சியின் காகிதங்கள். அக்காகிதங்களுக்காகவே 2021இல் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் சீருடையில் செத்தார்கள்.

அசாம் – நாகாலாந்து எல்லையில் 1925ஆம் ஆண்டு அறிவிப்பை அசாம் முன்வைக்கிறது. நாகா மலைகளிலிருந்து பிரிக்கப்பட்ட காப்புக் காடுகள் திரும்ப வேண்டும் என்ற கோரிக்கையை நாகாலாந்து முன்வைக்கிறது. 1971இல் கே.வி.கே. சுந்தரம் ஆலோசகராக நியமிக்கப்பட்டார். 1972இல் இடைக்கால உடன்பாடுகள் கையெழுத்தாயின. 1979 ஜனவரியில் சுங்கஜான் பகுதியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமவாசிகள் கொல்லப்பட்டனர். 1985 ஜூனில் மேராபானியில் இரு மாநிலப் போலீசும் மோதி நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் சாஸ்திரி ஆணையம் வந்தது. 1988இல் அசாம் உச்ச நீதிமன்றம் சென்றது. 2014 ஆகஸ்டில் உரியாம்காட் பகுதியில் மீண்டும் கொலைகள் நடந்தன. வீடுகள் எரிந்து ஆயிரக்கணக்கானோர் நிவாரண முகாம்களில் தஞ்சம் புகுந்தனர்.

அந்த முகாம்களில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆதிவாசிகள். தேயிலைத் தோட்டங்களுக்காகக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களின் வழிவந்தவர்கள், நிலமற்றவர்கள் எனப் பலரும் காட்டோரத்தில் ஒரு துண்டு நிலத்தில் பிழைப்பவர்கள். பட்டா இல்லாத இம்மக்களை மனித எல்லைக்கற்களாக நட்டு வைப்பது அதிகாரத்தில் இருப்போருக்கு வசதியாக இருக்கிறது. கலவரம் வரும்போது முதலில் எரிவது அவர்களின் கூரை. தகராறு தீரும்வரை அவர்களுக்குப் பட்டாவும் இல்லை. பள்ளியும் சாலையும் பெயருக்கே. நிலச் சீர்திருத்தம் இல்லாமல் அந்த எல்லையில் எந்த நடுவர் தீர்ப்பும் வேர் பிடிக்காது.

இதே வடகிழக்கில் மாற்று வழிக்கான ஒரு முயற்சியும் உண்டு. அசாம் – மேகாலயா எல்லையில் தகராறுக்குரிய 12 பகுதிகளில் ஆறு பகுதிகளுக்கு 2022 மார்ச் 29 அன்று உடன்பாடு கையெழுத்தானது. வரலாறு, இன அமைப்பு, நிர்வாக வசதி, மக்களின் மனநிலை, நிலத்தொடர்ச்சி ஆகிய ஐந்து அளவுகோல்கள் முன்பே வகுக்கப்பட்டன. இரு மாநில அமைச்சர்கள் தலைமையிலான குழுக்கள் கிராமங்களுக்குச் சென்றன. 36.79 சதுர கிலோமீட்டரில் அசாமுக்கு 18.51, மேகாலயாவுக்கு 18.28 என ஒப்புக்கொள்ளப்பட்டது. முறை சரியானதே. ஆனால் எங்களைக் கேட்கவில்லை என்று சில கிராமங்களும் பாரம்பரியத் தலைவர்களும் நீதிமன்றம் சென்றனர். மேகாலயா உயர் நீதிமன்றம் எல்லைக்கல் நடும் பணிக்குத் தடை விதித்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அத்தடையை நிறுத்தி வைத்தது. கிராமத்தைப் பார்வையிடுவதும் கிராமசபையைக் கூட்டிக் கேட்பதும் ஒன்றல்ல. எண்ணிக்கையில் ஏறக்குறைய சரிபாதி என்பது அரசுகளுக்கு நீதியாகத் தோன்றலாம். வயல் ஒரு பக்கமும் வீடு மறுபக்கமும் ஆகிப்போன விவசாயிக்கு அப்படித் தோன்றாது.

சட்டம் தரும் கருவிகள்

அரசியல் சட்டத்தின் 3ஆவது பிரிவின்படி மாநில எல்லையை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உண்டு. சம்பந்தப்பட்ட சட்டமன்றம் கருத்துச் சொல்லலாம். அக்கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. 131ஆவது பிரிவின்படி மாநிலங்கள் ஒன்றன்மீது ஒன்று உச்ச நீதிமன்றத்தில் நேரடியாக வழக்குத் தொடரலாம். மகாராஷ்டிரம் 2004இல் அவ்வழியே சென்றது. எல்லை நாடாளுமன்றத்தின் அதிகாரம், நீதிமன்றம் தலையிட முடியாது என்பது கர்நாடகத்தின் வாதம். எல்லை வழக்குகள் பல்லாண்டுகளாக நிலுவையில் கிடந்த அனுபவமே மக்களுக்கு மிஞ்சியது. யாருக்கு எது உரியது என்று நீதிமன்றம் கூறலாம். அடுத்தடுத்த ஊர்க்காரர்கள் மறுநாள் ஒரே சந்தையில் எப்படிச் சந்திப்பது என்பதை அது கூறாது.

மூன்றாவது கருவி 263ஆவது பிரிவு. மாநிலங்களுக்கு இடையிலான தகராறுகளை ஆராய்ந்து ஆலோசனை கூற ஒரு மன்றம் அமைக்க அது வழி செய்கிறது. சர்க்காரியா ஆணையத்தின் பரிந்துரைக்குப் பின் 1990இல் மாநிலங்களுக்கு இடையிலான மன்றம் அமைந்தது. 2016 ஜூலையில் அதன் 11ஆவது கூட்டம் நடந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் அது கூட்டப்படவே இல்லை. எல்லையில் போலீசார் சுட்டுக்கொண்ட 2021லும் கூட்டப்படவில்லை. முதலமைச்சர்களை உள்துறை அமைச்சர் டெல்லிக்கு அழைத்துப் பேசுவதும், எல்லா மாநிலங்களும் சமமாக அமரும் மன்றத்தில் விவாதிப்பதும் ஒன்றாகாது. முன்னது மேலிருந்து வழங்கும் அருள், பின்னது கூட்டாட்சி.

எதிர்வாதமும் அதற்கான விடையும்

ஓர் எல்லையைத் திறந்தால் எல்லா எல்லைகளும் திறந்துகொள்ளும், ஆகவே இருப்பதை இருந்தபடி விடுங்கள் என்றொரு வாதம் உண்டு. அதைப் புறந்தள்ள முடியாது. எழுபது ஆண்டுகளில் மக்கள் இடம்பெயர்ந்திருக்கிறார்கள். பெலகாவி போன்ற நகரங்களின் மொழி விகிதமே மாறியிருக்கிறது. 1956இல் நியாயமாக இருந்த ஒரு திருத்தம் இன்று புதிய அநியாயத்தை உண்டாக்கக்கூடும். எவ்வளவு நுட்பமாக எல்லை வகுத்தாலும் அதன் இரு பக்கமும் மொழிச் சிறுபான்மையினர் எஞ்சுவார்கள் என்பதும் உண்மை.

அதனாலேயே, எல்லை நகர்ந்தாலும் நகராவிட்டாலும், எஞ்சும் சிறுபான்மையினரின் உரிமைக்கு முதலிடம் தர வேண்டும். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க 350–அ பிரிவு வழி செய்கிறது. மொழிச் சிறுபான்மையினருக்கான தனி அதிகாரிக்கு 350–ஆ பிரிவு வழி செய்கிறது. காசர்கோட்டில் மகாஜன் பரிந்துரை நிறைவேறவில்லை. ஆயினும் அங்கே கன்னட வழிப் பள்ளிகள் நடக்கின்றன. கன்னட மக்களின் அரசியல் பங்கேற்பு தொடர்கிறது. அங்கும் குறைகள் எழுகின்றன. ஆனால் அவை ஆசிரியர் நியமனம், பாடநூல், விண்ணப்பப் படிவம் பற்றிய குறைகளாக எழுகின்றன. மனுவாலும் போராட்டத்தாலும் பேச்சாலும் தீர்க்கக்கூடியவை. எல்லையின் எந்தப் பக்கம் இருந்தாலும் தன் மொழியில் பள்ளியும் பட்டாவும் நீதிமன்றமும் கிடைக்கும் என்ற நிலை வந்தால், எல்லைக்கல்லைப் பிடுங்கும் ஆவேசத்தில் பாதி வடிந்துவிடும்.

அகில இந்தியக் கட்சியின் சோதனை

தோழர்களே, எல்லைத் தகராறில் ஒரு மாநிலக் கட்சிக்கு வேலை எளிது. தன் மாநிலத்தின் பக்கம் நின்றால் போதும். இரு மாநிலங்களிலும் இயங்கும் அகில இந்தியக் கட்சிக்கு இது கடினமான சோதனை. மும்பையில் ஒரு பேச்சும் பெங்களூருவில் வேறொரு பேச்சும் பேசும் கட்சிகளை மக்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். அந்த இரட்டை நாக்கின் விலையைக் கொடுத்தவர்கள் எல்லையோர மக்கள். இடதுசாரி இயக்கம் அவ்வழியில் சென்றால், தேர்தலில் சில வாக்குகள் காப்பாற்றப்படலாம். எல்லையின் மறுபக்கத்தில் உள்ள தோழர்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் போகும்.

நிலைத்த தீர்ப்பும் சிதறிய தீர்ப்புகளும் கற்றுத்தரும் நிலைப்பாடு, எல்லையின் இரு பக்கமும் ஒரே சொற்களில் சொல்லக்கூடியது. நடுவரை நியமிக்கும் முன் கோட்பாட்டில் இரு தரப்பும் உடன்பட வேண்டும். கிராமமே அலகாக வேண்டும். கிராமசபையில், போலீஸ் அழுத்தமும் பேரமும் இல்லாத சூழலில், பெண்களும் நிலமற்றவர்களும் உட்பட எல்லோரும் கேட்கப்பட வேண்டும். வடகிழக்கில் காடோர மக்களின் நில உரிமை, எல்லை முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. எஞ்சும் சிறுபான்மையினரின் உரிமை தீர்ப்பின் ஒரு பகுதியாகவே எழுதப்பட வேண்டும். மாநிலங்களுக்கு இடையிலான மன்றம் முறையாகக் கூட்டப்பட வேண்டும்.

இக்கோரிக்கைகள் தாமாக நிறைவேறப்போவதில்லை. எல்லையோரத்தில் இயங்கும் விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் பீடித் தொழிலாளர் சங்கமும் இரு மாநிலக் கிளைகளும் சேர்ந்த கூட்டங்களை நடத்த முடியும். வதந்தி பரவும் நாளில் அடுத்த ஊர்த் தோழரைத் தொலைபேசியில் அழைத்து உண்மையை உறுதிசெய்யும் உறவு, கலவரத்திற்கு முன்பே கட்டப்பட்டிருக்க வேண்டும். கல் பறக்கத் தொடங்கிய பின் அதைக் கட்ட முடியாது. சந்தை நாளில் இரு மொழியிலும் ஒரே துண்டறிக்கையைக் கொடுப்பது சிறிய வேலைதான். எல்லை நெருப்பு பரவாமல் தடுப்பதில் எந்த ஆணையத்தின் அறிக்கைக்கும் அது குறைந்ததல்ல. அந்த வேலையைத் தொடங்குவதற்கு எந்த நடுவரின் அனுமதியும் தேவையில்லை.